பண்பாட்டு மையங்களில் பேச்சும் ஆட்டமும் ஏன் தனித்தனியே நிற்கின்றன?

வெளிநாட்டில் இருக்கும் எந்த இந்தியப் பண்பாட்டு மையத்தின் மாத நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலும் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கும்: ஒரு சொற்பொழிவு, ஒரு நடன நிகழ்ச்சி, ஒரு கண்காட்சி. பெரும்பாலும் அனுமதி இலவசம். ஒரு பேராசிரியர் வந்து சோழர் காலக் கோயில்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். மூன்று நாள் கழித்து அதே மேடையில் பரதநாட்டியம் நடக்கும். முன்கூடத்துச் சுவரில் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஓவியங்கள் தொங்கும். மூன்றும் நல்ல நிகழ்ச்சிகளாகவே இருக்கலாம். ஆனால் பேச்சுக்கு வந்தவர் ஆட்டத்துக்கு வரமாட்டார். ஆட்டத்துக்கு வந்தவர் சுவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். இந்த மையங்களிடம் இருக்கிற பெரிய வசதியே, இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதுதான். அந்த வசதி ஏன் வீணாகிறது, எங்கே அது பலன் தரும் என்று பார்க்க, இந்த மையங்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுகளுக்குள், 1950-ல், அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான கவுன்சிலைத் தொடங்கினார். ஐ.சி.சி.ஆர். என்ற சுருக்கப் பெயரில்தான் கலைஞர்கள் அதைச் சொல்வார்கள். இன்று அது வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இந்த கவுன்சில் வெளிநாட்டில் மையம் திறக்கத் தொடங்கியபோது முதலில் போனது லண்டனுக்கோ பாரிஸுக்கோ இல்லை. 1972-ல் கயானாவின் ஜார்ஜ்டவுனிலும் பிஜியின் சுவாவிலும் மையங்கள் வந்தன. இரண்டுமே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்ட இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற நாடுகள். கயானாவுக்கு முதல் கப்பல்கள் 1838-ல் போயின, பிஜிக்கு 1879-ல். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிஜிக்கு ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். பாட்டும் கூத்தும் கொஞ்சம் ஞாபகத்தில் இருந்து, மொழி நழுவிக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அந்த மையங்களின் முதல் வேலை கற்றுக்கொடுப்பது: நடனம், தபலா, யோகா, இந்தி.

மாஸ்கோவிலும் ஜகார்த்தாவிலும் 1989-ல் மையங்கள் வந்தன. லண்டனில் மேஃபேர் பகுதியின் சவுத் ஆட்லி தெருவில் 1992-ல் நேரு மையம் திறந்தது. கோபாலகிருஷ்ண காந்தி அதன் முதல் இயக்குநர், பின்னாளில் நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் அங்கே இயக்குநராக இருந்தார். அதே லண்டனில் அரசு சாராத ஒன்றும் உண்டு. கே.எம். முன்ஷி 1938-ல் பம்பாயில் தொடங்கிய பாரதிய வித்யா பவனின் லண்டன் கிளை, 1972 முதல் இயங்குகிறது. மேற்கு கென்சிங்டனில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் வகுப்புகளும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. பவனில் ஆடுகிறவரைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அதே கட்டடத்தில் நடனம் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும். தூதரகம் சார்ந்த மையத்துக்கு வருகிறவர்களில் ராஜதந்திரிகள் இருப்பார்கள், ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள், இந்தியாவுக்கு ஒரு முறை போய்வந்த வெள்ளைக்காரர் இருப்பார், வழியில் அறிவிப்பைப் பார்த்து உள்ளே நுழைந்தவரும் இருப்பார். இந்தக் கலவையான கூட்டத்துக்கு எதை எப்படிக் காட்டுவது என்பதுதான் மையத்தை நடத்துகிறவரின் உண்மையான தலைவலி.

முதலில் அரங்கு. இந்த மையங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சின்னக் கூடம்தான். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நடனத்தைப் பொறுத்தவரை அது வரம் என்பேன். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் அரங்கங்களின் அளவுகளைச் சொல்லிவிட்டு, மனிதர்களுக்கு நடுத்தர அளவே நல்லது என்கிறது: நீளம் 64 முழம், அகலம் 32 முழம். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் குரல் தெளிவாகக் கேட்காது, முகத்தின் பாவம் தெரியாது என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இன்னும் நுணுக்கமாக இறங்குகிறது. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மாதவி ஆடிய மேடையின் அளவைத் தருகிறது. விரலை எப்படி அளந்து பார்த்தாலும் அந்த மேடை ஒரு பெரிய அறைக்குள் அடங்கிவிடும். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதுவரை இளங்கோ எழுதியிருக்கிறார். மேடைக் கலையை அருகிலிருந்து பார்த்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும்.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1961-ல் டோக்கியோவிலும் 1963-ல் எடின்பரோ விழாவிலும் ஆடியபோது, பாட்டின் மொழி தெரியாத கூட்டம் அவரை வியந்தது. பாடிக்கொண்டே அபிநயம் செய்கிறவர் அவர். புருவம் அசைவதில் ஒரு வரி முடிந்துவிடும். அதைப் பார்க்கத் தூரம் குறைவாக இருக்க வேண்டும். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் பின்வரிசைக்காரருக்குத் தெரிவது கை கால் வீச்சு மட்டும்தான். அதனால் பெரிய அரங்கில் ஆடுகிறவர்கள் வேகமான ஜதிகளையும் குழு நடனத்தையும் நோக்கிப் போய்விடுகிறார்கள். பண்பாட்டு மையத்தின் கூடத்தில் நான்காவது வரிசையில் இருப்பவருக்கும் கண் தெரியும். பாட்டின் பொருளை அபிநயத்தால் விரிக்கும் பதம் என்ற உருப்படியை ஆடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

தளம்தான் பிரச்சினை. கூட்டங்களுக்கென்று கட்டிய கூடத்தில் கான்கிரீட்டின் மேல் கார்ப்பெட் விரித்திருப்பார்கள். காலால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவின் ஓசை அதில் எழும்பாது, முழங்காலுக்கும் கெடுதல். மரப்பலகைத் தளம் போடுவது பெரிய செலவில்லை. எந்த மையமும் முதலில் செய்ய வேண்டிய காரியம் அது.

அடுத்தது பக்கவாத்தியம். அரங்கேற்று காதையில் மாதவியோடு யார் யார் வருகிறார்கள் பாருங்கள்: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் புனையும் கவிஞன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழாசிரியன். இன்றைய கச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அணிதான்: தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார், பாடகர், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் அல்லது வீணை. ஒரு தனி நடனக் கலைஞர் வெளிநாடு போக வேண்டுமானால் அவரோடு நான்கைந்து பேருக்கு விமானச் சீட்டும் விசாவும் தங்கும் இடமும் வேண்டும். கவுன்சில் தன் பட்டியலில் இருக்கும் கலைஞர்களைக் குழுவாக அனுப்பும்போது இது நடக்கிறது. உள்ளூர்க் கலைஞரே ஆடும்போதும், தன் செலவில் ஒருவர் வரும்போதும், ஒலிப்பதிவுதான்.

அதனால் இழப்பது என்ன? பதத்திலோ வர்ணத்திலோ ஒரு வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் ஆடுகிறவர் அந்த வரிக்கு வேறொரு பொருள் விரித்துக் காட்டுவார். சஞ்சாரி என்று சொல்வது அதைத்தான். நேரடியாகப் பாடும்போது, கூட்டம் ஒன்றிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் ஆடுகிறவர் கண்ணால் ஒரு சாடை காட்டுவார். பாடகர் அதே வரியை இன்னும் இரண்டு முறை எடுப்பார். ஒலிப்பதிவில் ஆறு முறை என்றால் ஆறு முறைதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. நட்டுவனார், பாடகர், மிருதங்கம் என்று மூன்று பேர் இருந்தாலே போதும், நிலைமை மாறிவிடும். பல நகரங்களில் இப்போது நன்றாக மிருதங்கம் வாசிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு இரண்டு நாள் ஒத்திகை பார்க்க இடம் கொடுப்பது ஒரு மையத்தால் முடிகிற காரியம்தான்.

இனி பேச்சு. மொழி தெரியாத கூட்டத்துக்கு ஆடும்போது ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ஒருவர் மைக்கில் வந்து ஒரு வாக்கியம் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. "நாயகி தன் தலைவனை நினைத்து ஏங்குகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள்." இந்த வாக்கியம் நூறு பதங்களுக்குப் பொருந்தும். நூறுக்கும் பொருந்துகிற விளக்கம் எந்த ஒன்றையும் விளக்காது. சென்னை மியூசிக் அகாடமியில் டிசம்பர் சீசனில் காலை வேளைகளில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளை நம்மவர்கள் 'லெக்-டெம்' என்பார்கள். பேசிக்கொண்டே ஆடிக் காட்டுவது, பாடிக் காட்டுவது. வெளிநாட்டு மையங்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த வடிவம்தான். மாலை ஒன்றரை மணி நேரத்தில் ஏழு உருப்படிகளை ஓட்டுவதற்குப் பதில், ஒரே ஒரு உருப்படியை எடுத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் நந்தனார் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். மாஞ்சி ராகம். மேடைகளில் நிறைய பேர் ஆடுவதுதான். "ஒரு பக்தர் இறைவனைக் காணத் துடிக்கிறார்" என்று அறிமுகம் சொன்னால், பார்க்கிறவர் கைகூப்பி நிற்கும் ஓர் ஏழையைப் பார்த்து உருகிவிட்டுப் போவார். அரை மணி நேரம் பேச ஒருவர் கிடைத்தால் கதையே வேறு. பெரிய புராணத்தில் சேக்கிழார் நந்தனாரின் தொழிலைச் சொல்கிறார்: கோயில்களின் பேரிகைக்கும் மற்ற முகக் கருவிகளுக்கும் போர்த்தும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறவர் அவர். கோயிலுக்குள் ஒலிக்கிற வாத்தியத்தில் அவருடைய உழைப்பு உள்ளே போகிறது. அவர் வெளியே நிற்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகியது அந்த வெளியே நிற்பவர் பார்ப்பதற்காக. 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பாரதியார், சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார்: சிதம்பரம் போக அனுமதி கேட்கும் நந்தனைத் தடுக்கிற வேதியப் பண்ணையார். அதாவது உள்ளே வரலாமா என்ற கேள்வி கடவுளிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை.

இதைக் கேட்டபிறகு மேடையில் அந்தக் கீர்த்தனை ஆடப்படும்போது, பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்தின் மேலேயே பார்க்கிறவர் கண் ஒரு முறை போகும். அதன் முகத்தில் போர்த்தியிருப்பதும் தோல்தான். ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை, பார்க்கிறவரிடம் மாறிவிட்டது. அப்புறம் கேள்வி நேரத்தில் சாதி பற்றிக் கேட்பார்கள், நந்தனார் நெருப்பில் இறங்கியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். அரசு சார்ந்த மையம் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகளைக் கண்டு நெளிகிறவர்கள் உண்டு. நெளியத் தேவையில்லை. சொந்த நாட்டின் கலையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் அந்தக் கலைக்குள் இருக்கும் வாதத்தையும் கொண்டுவருவதுதான் நேர்மை.

கண்காட்சிக்கு வந்தால், இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. நல்ல காரணத்தோடுதான் நிற்கிறது. 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூர் நடராசர் சிலை கடத்தப்பட்டு லண்டன் வரை போய், நீதிமன்றத்தில் வழக்காடி 1991-ல் திரும்பி வந்த கதையை நினைத்தால் இந்தக் கண்டிப்பின் அவசியம் புரியும். ரவிவர்மா, ஜாமினி ராய் போன்ற சில ஓவியர்களின் படைப்புகள், நூறு ஆண்டு ஆகாவிட்டாலும் கலைச்செல்வம் என்ற வகையில் இதே கட்டுப்பாட்டில் வருகின்றன. அம்ரிதா ஷெர்கில்லும் அந்த வரிசையில் ஒருவர். ஹங்கேரியத் தாய்க்கு 1913-ல் புடாபெஸ்டில் பிறந்தவர் அவர். அந்த நகரத்து இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இருக்கும் அவருடைய ஓவியம் ஒன்றை அந்தச் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் அரசு முன்வந்து கொண்டுபோனால்தான் உண்டு.

ஆகவே மையங்களின் சுவர்களில் வருவது புகைப்படத் தட்டிகளும் இன்று வாழும் ஓவியர்களின் படைப்புகளும் நெசவும் கைவினையும்தான். இதில் சோர்வடைய ஒன்றுமில்லை. சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வார்த்த விக்கிரகத்தை, அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பலாம். ஆனால் முடிந்த விக்கிரகத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், அங்காடியில் பார்ப்பது போலத்தான் இருக்கும். பக்கத்தில் ஸ்தபதி அளவெடுக்கும் தென்னை ஓலையை வையுங்கள். விக்கிரகத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைக் கணக்காக மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று அளவு குறித்துக்கொள்வார் ஸ்தபதி. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்த மெழுகு உருவம், அதன் மேல் பூசிய காவிரி வண்டல் மண், மெழுகு உருகி வெளியேறிய பிறகு காலியாக நிற்கும் கூடு, பிறகு உலோகம். மெழுகு உருவமும் மண் கூடும் ஒரு தடவைக்குத்தான் உதவும். ஒவ்வொரு விக்கிரகமும் தனி விக்கிரகம் என்பது அந்த உடைந்த கூட்டைப் பார்க்கும்போது சொல்லாமலே தெரியும்.

புகைப்படத் தட்டியே சரியான வடிவமாக இருக்கிற இடமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் உட்சுவரைச் சுற்றிக் கரணச் சிற்பங்கள், அதாவது கையும் காலும் உடம்பும் சேர்ந்த ஆடல் அசைவுகளின் சிற்பங்கள், செதுக்கப்பட்டிருக்கின்றன. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108-ல் 81 மட்டுமே முடிந்திருக்கின்றன. மீதிக்கு ஒதுக்கிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அந்தத் தளத்துக்குப் பொதுமக்கள் சாதாரணமாகப் போக முடியாது. தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கூடப் பார்க்காத ஒன்றை, நல்ல புகைப்படங்களால் எந்த ஊரிலும் காட்டலாம். அதே கோயிலின் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்று வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆடல் மகளிரின் முகவரிப் பட்டியல் அது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சுவரில் 81 கரணங்களும் அந்த வெற்றுக் கற்களும். கல்வெட்டைப் படித்த ஒருவர் அந்த நானூறு பெண்களைப் பற்றியும், அவர்களுடைய வழிவந்த மரபு 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற நடன ஆசிரியச் சகோதரர்கள் கையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையாக அமைந்தது பற்றியும், 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது பற்றியும், அதற்குள் கலாக்ஷேத்ரா போன்ற நடனப் பள்ளிகளில் அந்த ஆட்டம் வேறு குடும்பத்துப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது பற்றியும் பேசுகிறார். பிறகு ஒருவர் கரணங்கள் சிலவற்றை உடம்பில் எடுத்துக் காட்டுகிறார். கல்லில் உறைந்திருப்பது ஓர் அசைவின் எந்தக் கணம் என்பதில் ஆய்வாளர்களிடையே இருக்கும் கருத்து வேறுபாட்டை அவர் ஆடியே காட்டலாம். இதற்கு விக்கிரகம் எதையும் கப்பலேற்ற வேண்டாம், பெரிய அரங்கும் வேண்டாம். ஒரே மாதத்தில் மூன்று நாள் பிரித்துப் போட்ட அதே செலவுதான்.

எதைக் காட்டுவது என்பதிலும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கதக், பரதம், ஒடிசி, சிதார் என்று ஒரு வட்டம். பறையாட்டமும் தெருக்கூத்தும் விழா நாளில் வாசலில் ஐந்து நிமிடம் வரவேற்புக்கு நிற்கின்றன; உள்ளே மேடை கிடைப்பது அபூர்வம். தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ஒருவனே பேச்சும் விளக்கமும் ஆட்டமுமாக நிற்கிறான். மொழி தெரியாத ஊரில் அவன் அந்த ஊர் மொழியிலேயே பேசிவிடலாம். கூத்தின் இலக்கணம் அதற்கு இடம் கொடுக்கிறது. பண்பாட்டு மையத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலையைத் தேட வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை முற்றிலும் வேறு. 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியாவின் நன்கொடையில் ஒரு பண்பாட்டு மையம் எழுந்திருக்கிறது. 2015 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 பிப்ரவரியில் மக்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு தள அருங்காட்சியகம், 600 பேருக்கு மேல் அமரும் அரங்கம், 11 மாடிக் கற்றல் கோபுரம், திறந்தவெளி அரங்காகவும் பயன்படும் முற்றம். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, ஊரின் பெயர் காணாமல் போனதே என்று எதிர்ப்பு எழுந்தது. பிறகு யாழ்ப்பாணம் என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. வள்ளுவர் மேல் அங்கே யாருக்கும் மனவருத்தம் இல்லை. கட்டடம் யாருடையது என்று கேட்கிற உரிமை அந்த ஊருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே உட்காரப்போகிற கூட்டத்துக்குப் பதத்தின் பொருளை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். கலை அங்கே இந்தியாவிலிருந்து வந்திறங்குகிற சரக்கும் இல்லை. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி, தமிழ்நாட்டு நாகசுரப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து அந்த ஊர்க் கச்சேரிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 1975-ல் அவர் மறைந்தபோது இரண்டு கரையும் துக்கம் காத்தது. காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்ட நாடகத்தை விடிய விடியப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் இரண்டு தளங்களில் ஒன்றை இந்தத் தவில்காரர்களுக்கும் கூத்தர்களுக்கும் கொடுக்கலாம். அவர்களுடைய வாத்தியம், கிடைக்கிற ஒலிப்பதிவுகள், மேடை உடைகள், துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் இப்போது தனித்தனி வீடுகளின் அலமாரிகளில்தான் கிடக்கும். இணுவிலிலும் அளவெட்டியிலும் இன்று வாசிக்கிறவர்கள் வந்து, தஞ்சாவூர்ப் பக்கத்து வாசிப்புக்கும் தங்கள் வாசிப்புக்கும் எங்கே வித்தியாசம் என்று தவிலை மடியில் வைத்துக்கொண்டே பேசலாம். எதிரே தஞ்சாவூர்த் தவில்காரர் ஒருவரும் உட்கார்ந்து பதில் வாசிக்கட்டும்.